எதோடு ஒப்பிட்டு?

2022ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கிண்ணம் பால் வழக்காக வந்தது. வழக்குத் தொடுத்தது கெல்லாக்ஸ் நிறுவனத்தின் பிரிட்டன் கிளை. எதிரே நின்றது அரசின் சுகாதாரத் துறை. கார்ன்ஃப்ளேக்ஸ் போன்ற தானிய உணவின் சர்க்கரையை அளக்கும்போது, அதன் மேல் ஊற்றும் பாலையும் சேர்த்து அளக்க வேண்டுமா, கூடாதா என்பதுதான் கேள்வி.

அந்த ஆண்டு அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒரு புதிய விதி வரவிருந்தது. கொழுப்போ சர்க்கரையோ உப்போ மிகுந்த உணவுகளைப் பெரிய கடைகளின் வாசலிலும், அடுக்கு வரிசைகளின் முனையிலும், பணம் கட்டும் இடத்தருகிலும் வைக்கக் கூடாது என்றது அது. எது மிகுதி என்பதற்கு அரசிடம் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. 100 கிராம் உணவில் உள்ள கலோரி, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் ஏறும். நார்ச்சத்து, புரதம், பழம், காய், கொட்டை வகைகளுக்கு இறங்கும். நான்கைத் தொட்டுவிட்டால் அந்த உணவுக்குக் கடையின் நல்ல இடங்கள் கிடையாது. கெல்லாக்ஸின் பெயர்பெற்ற பண்டங்கள் சில அந்தக் கோட்டைத் தாண்டின.

நிறுவனத்தின் வாதம் இதுதான்: இதை யாரும் வெறும் வாயில் அள்ளிப் போடுவதில்லை, பெரும்பாலும் பாலோடுதான் சாப்பிடுகிறார்கள், எனவே பாலோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 100 கிராமில் 35 கிராம் சர்க்கரை உள்ள ஒரு வகையை 30 கிராம் எடுத்தால் அதில் சர்க்கரை பத்தரை கிராம். அதில் 125 மில்லி பால் ஊற்றினால் பாலின் இயல்பான சர்க்கரை ஏறத்தாழ 6 கிராம் சேரும். மொத்த எடை 160 கிராமை நெருங்கிவிடுவதால், 100 கிராமுக்கு என்று வகுத்தால் 35 என்ற எண் 10 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் பெட்டியிலிருந்து கிண்ணத்துக்கு வந்த பத்தரை கிராம் சர்க்கரையில் ஒரு துகள்கூடக் குறையவில்லை. ஜூலையில் நீதிமன்றம் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. பால் சேர்ப்பதால் அந்தத் தானிய உணவின் சர்க்கரை குறைந்துவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் யாரும் பொய் சொல்லவில்லை. இரு தரப்பு எண்களும் சரியானவை. எதை எதோடு சேர்த்து, எதோடு ஒப்பிட்டு அளப்பது என்பதில்தான் சண்டை. காலை உணவுப் பெட்டிகளின் முன்பக்கத்தில் அச்சாகும் வாசகங்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். "சர்க்கரை குறைவு", "நார்ச்சத்து அதிகம்", "கவனத்தைக் கூட்டும்" ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஒப்பீடு. ஒப்பீட்டின் ஒரு பாதி பெரிய எழுத்தில் இருக்கும். மறு பாதியை வாங்குபவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று நேற்று தொடங்கிய பழக்கமல்ல இது. இந்த உணவு பிறந்ததே மருத்துவ வாக்குறுதியாகத்தான். 1863இல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் என்ற ஊரில் நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன், தவிட்டோடு அரைத்த கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு 'கிரானுலா' என்று பெயரிட்டார். இரவு முழுக்க ஊறவைக்காமல் அதைக் கடிக்க முடியாது. அதன் பிறகு மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில், செவன்த்-டே அட்வென்டிஸ்ட் சபையினர் நிறுவிய சானிட்டோரியத்தைத் தலைமை ஏற்று நடத்திய மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக் வந்தார். இறைச்சி, மசாலா, காபி எல்லாவற்றையும் விலக்கச் சொன்னவர் அவர். குடலைச் சுத்தமாக வைத்திருந்தால் பாதி நோய் தீரும் என்று நம்பினார். 1894இல் அவரும் தம்பி வில் கீத் கெல்லாக்கும் வேகவைத்து ஆறிப்போன கோதுமையை உருளைகளுக்கு நடுவே விட்டபோது, ஒவ்வொரு மணியும் தனித்தனி இதழாக வெளியே வந்தது. ஃப்ளேக்ஸின் தொடக்கம் அதுதான்.

தம்பி அதைச் சந்தைக்குக் கொண்டுபோக விரும்பினார். மக்காச்சோள ஃப்ளேக்ஸில் சர்க்கரை சேர்ப்பது குறித்து அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் மூண்டது. நோயாளிக்குரிய உணவைச் சர்க்கரையால் கெடுப்பதா என்று அண்ணன் கொதித்தார். 1906இல் தம்பி தனி நிறுவனம் தொடங்கினார். இருவருக்கும் இடையிலான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இன்று கடையில் நிற்பது தம்பியின் பெட்டி.

அதே சானிட்டோரியத்தில் 1891இல் நோயாளியாகச் சேர்ந்த சார்லஸ் வில்லியம் போஸ்ட், அங்கே பார்த்ததை வைத்துத் தனக்கென்று ஒரு தொழிலைக் கட்டினார். 1897இல் அவர் விற்கத் தொடங்கிய 'கிரேப்-நட்ஸ்' கோதுமையும் பார்லியும் கலந்து சுட்ட மொறுமொறுப்பான துணுக்கு. அதை மூளைக்கும் நரம்புக்கும் உரிய உணவு என்று விளம்பரப்படுத்தினார். குடல்வால் அழற்சிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாமல் செய்துவிடும் என்கிற அளவுக்கு விளம்பரங்கள் போயின. 'காலியர்ஸ்' வார இதழ் இதை உயிரோடு விளையாடும் பொய் என்று எழுதியது. விளம்பரம் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதுகிறார்கள் என்று போஸ்ட் பதில் விளம்பரம் கொடுத்தார். இதழ் அவதூறு வழக்குப் போட்டது. 1910இல் நடுவர் குழு இதழுக்கு 50,000 டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனாலும் வழக்கு மன்றத்தில் பல நாட்கள் மருத்துவர்கள் வந்து, ஒரு தானிய உணவால் குடல்வாலைக் காக்க முடியாது என்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பதே அந்தக் காலத்தின் நிலைமையைக் காட்டும்.

சர்க்கரை பிற்பாடு வெள்ளமாக வந்தது. 1953இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'சுகர் ஸ்மாக்ஸ்' எடையில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், சர்க்கரைதான். அப்போது சர்க்கரை ஒரு பெருமை. பெயரிலேயே பொறித்துக் கொண்டார்கள். 1970இல் ராபர்ட் சோட் என்ற சமூக ஆர்வலர் அமெரிக்க செனட் குழுவின் முன் தோன்றி, சந்தையில் இருந்த 60 வகைகளில் 40 வகைகளில் சத்து என்று சொல்ல எதுவும் பெரிதாக இல்லை என்று பட்டியலோடு முறையிட்டார். 1980களில் பெயர்களிலிருந்து 'சுகர்' என்ற சொல் மெல்ல உதிர்ந்து, ஸ்மாக்ஸின் முன்னால் 'ஹனி' ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்த பண்டம் அந்த அளவுக்கு மாறவில்லை.

நார்ச்சத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. ஏனென்றால் அதில் உண்மையும் கணிசமாக இருக்கிறது.

1984இல் கெல்லாக்ஸ் தன் ஆல்-பிரான் பெட்டியின் பின்புறத்தில், நார்ச்சத்து மிகுந்த உணவு சில வகைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்கலாம் என்ற கருத்தை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரோடு அச்சிட்டது. நோயின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொருள் சட்டப்படி மருந்தாகிவிடும் என்பது அன்றைய நிலை. அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் முகம் சுளித்தது. மத்திய வணிக ஆணையமோ பயனுள்ள தகவல் என்று பாராட்டியது. அந்த இழுபறி கடைசியில் 1990ஆம் ஆண்டின் சத்து விவரச் சட்டத்தில் போய் முடிந்தது. பாக்கெட்டில் சத்துப் பட்டியல் கட்டாயமானதும், எந்த உரிமைகோரலுக்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்ற கேள்வி முறையாக எழுந்ததும் அதற்குப் பிறகே.

விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. அரிசோனாவில் குடலில் சிறு கட்டி அகற்றப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 13.5 கிராம் நார்ச்சத்து தரும் கோதுமைத் தவிட்டு உணவையும், மற்றவர்களுக்கு 2 கிராம் மட்டும் தரும் உணவையும் கொடுத்தார்கள். 2000இல் வந்த முடிவில், கட்டி மீண்டும் வருவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதைக் கேட்டு நார்ச்சத்தே வீண் என்று முடிவுகட்டுவதும் தவறு. மூன்று நான்கு ஆண்டுச் சோதனை, ஏற்கெனவே கட்டி வந்தவர்கள், ஒரே ஒரு தவிடு. பல ஆண்டுகள் பெருங்கூட்டங்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, முழுத்தானியங்கள் பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பைக் குறைப்பது அநேகமாக உண்மை என்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். வாழ்நாள் முழுக்க முழுத்தானியம் உண்பது வேறு. ஒரு பெட்டித் தவிட்டை வாங்கிச் சேர்ப்பது வேறு. பெட்டியின் பின்புறத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடம் இருப்பதில்லை.

ஓட்ஸ் தவிட்டின் மேல் 1980களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் பைத்தியமே பிடித்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்ற செய்தி பரவி, உருளைக்கிழங்கு வறுவலில்கூட ஓட்ஸ் தவிட்டைத் தூவி விற்றார்கள். 1990 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. கொலஸ்ட்ரால் சாதாரண அளவில் உள்ள 20 பேர். ஆறு வாரம் ஓட்ஸ் தவிடு, இன்னொரு ஆறு வாரம் நார்ச்சத்து மிகக் குறைந்த சுத்திகரித்த கோதுமை. இரண்டிலும் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. வயிற்றை மாவுப்பொருள் நிரப்பியதும் கொழுப்பு மிகுந்த பண்டங்கள் தட்டிலிருந்து தாமாகவே வெளியேறிவிட்டன. குறைந்ததற்குக் காரணம் அதுதான் என்றார்கள் ஆய்வாளர்கள். பங்குச் சந்தை வரை அதிர்ந்தது.

ஆனால் ஓட்ஸுக்கு உண்மையிலேயே ஒரு தனிக்குணம் உண்டு. அதிலுள்ள பீட்டா-குளுக்கன் என்ற நார்ப்பொருள் நீரில் கரைந்து குடலில் கொழகொழப்பான கூழாகிறது. பித்த அமிலங்கள் அதில் சிக்கி வெளியேறுகின்றன. அவற்றை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் தயாரிக்க, கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர்களைச் சேர்த்த பிற்கால ஆய்வுகளில் சிறிதே ஆனாலும் உறுதியான இறக்கம் தெரிந்தது. 1997இல் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் இந்த வாசகத்தை அனுமதித்தது. நாளுக்கு 3 கிராம் பீட்டா-குளுக்கன் வேண்டும் என்பது நிபந்தனை. அது ஏறத்தாழ 60 கிராம் உலர்ந்த ஓட்ஸ், அல்லது 40 கிராம் ஓட்ஸ் தவிடு. நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவுமுறையின் பகுதியாக என்ற சொற்களும் கட்டாயம். இத்தனை நிபந்தனைகளையும் தாங்கிக்கொண்டு ஒரு வாசகம் நின்றால் அதை நம்பலாம். 2009இல் ஓட்ஸ் வளையமான 'சீரியோஸ்' பெட்டி "ஆறு வாரத்தில் 4 சதவீதம் கொலஸ்ட்ராலைக் குறைக்கலாம்" என்று அறிவித்தபோது, இப்படி எழுதினால் நாங்கள் இதை மருந்தாகக் கருத வேண்டியிருக்கும் என்று அதே நிர்வாகம் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

அதே 2009இல் நடந்த இன்னொரு சம்பவம், பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கெல்லாக்ஸின் 'ஃப்ராஸ்டட் மினி-வீட்ஸ்' என்ற சர்க்கரை பூசிய கோதுமைக் கட்டிகளின் விளம்பரம், குழந்தைகளின் கவனத்தைக் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூட்டுவதாக மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்றது. பரீட்சைக்காலத்தில் எந்தத் தாய் தகப்பன் இதைக் கேட்டுவிட்டுக் கடந்து போவார்கள்? அமெரிக்க மத்திய வணிக ஆணையம் ஆய்வைத் தோண்டிப் பார்த்தது. அந்தக் கட்டிகளைச் சாப்பிட்ட பிள்ளைகளை ஒப்பிட்டது வேறொரு காலை உணவு சாப்பிட்ட பிள்ளைகளோடு அல்ல. வெறும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்த பிள்ளைகளோடு. அதிலும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஏதாவது முன்னேற்றம் தெரிந்தது. 20 சதவீதமோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் ஒன்பது பேரில் ஒருவர். பசியோடு இருப்பதைவிடச் சாப்பிட்டுவிட்டு இருப்பது மேல் என்பதற்கு மேல் அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. ஓர் இட்லி கொடுத்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு அதே பதில் வந்திருக்கக் கூடும். சோதித்தால்தான் தெரியும், ஆனால் யாரும் சோதிக்கவில்லை. நிறுவனம் அந்த விளம்பரத்தைக் கைவிட ஒப்புக்கொண்டது. அதே காலத்திலேயே 'ரைஸ் கிரிஸ்பீஸ்' பெட்டியில் குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்திக்குத் துணை என்ற வாசகம் ஏறியிருந்தது. ஆணையம் 2010இல் மறுபடி தலையிட வேண்டியிருந்தது.

காலை உணவே நாளின் மிக முக்கியமான உணவு என்ற நம்பிக்கையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 1944இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம், நல்ல காலை உணவு உண்டால் வேலை நன்றாக நடக்கும் என்ற பிரசாரத்தை அமெரிக்கக் கடைகளிலும் வானொலியிலும் நடத்தியது. அது விற்றது கிரேப்-நட்ஸ். 2019இல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் 13 சோதனைகளைத் தொகுத்த ஆய்வில், காலையில் சாப்பிட்ட பெரியவர்கள் சாப்பிடாதவர்களைவிட நாளுக்குச் சராசரியாக 260 கலோரி அதிகம் உண்டிருந்தார்கள். எடையும் சற்றே கூடுதல். சோதனைகளின் தரம் உயர்வானதல்ல என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. காலையில் சாப்பிட்டால் எடை குறையும் என்ற வாக்குறுதிக்கு மட்டும் இங்கே ஆதரவு கிடைக்கவில்லை.

அடுத்தது விட்டமின்கள். பெட்டியில் வரிசையாக இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 என்று எட்டோ பத்தோ பெயர்கள் இருக்கும். இவை பெரும்பாலும் தானியத்திலிருந்து வந்தவையல்ல. ஆலையில் பிற்பாடு சேர்த்தவை. தவிடும் முளையும் நீங்கும்போது பி விட்டமின்களும் தாதுக்களும் நார்ச்சத்தும் போகின்றன. திரும்பச் சேர்க்கப்படுவது அவற்றில் ஒரு பகுதி. சில வகைகளில் சேர்க்கப்படும் இரும்பு நுண்ணிய உலோகத் தூளேதான். ஃப்ளேக்ஸை நொறுக்கி நீரில் கலக்கி, பலமான காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொள்வதைப் பள்ளிப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். வயிற்றின் அமிலம் அதைக் கரைக்கிறது, ஒரு பங்கு உடலில் சேர்கிறது.

செறிவூட்டலை ஏளனமாகப் பார்ப்பது சரியல்ல. 1998 முதல் அமெரிக்காவில் மைதா வகைகளில் ஃபோலிக் அமிலம் கட்டாயமான பிறகு, முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 பேர் குறைந்தார்கள் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கணித்திருக்கிறது. பெரிய சாதனை அது. மறுபக்கம், 2004இல் டென்மார்க் அரசு கெல்லாக்ஸின் 18 பண்டங்களில் விட்டமினும் தாதுவும் சேர்க்க அனுமதி மறுத்தது. எல்லாப் பண்டங்களிலும் எல்லாரும் சேர்த்துக்கொண்டே போனால் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு மீறும் என்பது அவர்கள் வாதம். ஒரே பொடியை ஒரு நாடு கட்டாயமாக்குகிறது, இன்னொரு நாடு தடுக்கிறது. அந்த மக்கள் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது பதில். பத்து விட்டமின் சேர்த்ததால் 35 சதவீதச் சர்க்கரை நல்லதாகிவிடாது என்பதில் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபாடு இல்லை.

அரசு முத்திரைகளும் தொழில்துறை முத்திரைகளும் இதில் எவ்வளவு உதவும்? 2009இல் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சேர்ந்து 'ஸ்மார்ட் சாய்சஸ்' என்ற பச்சைக்குறியை அறிமுகம் செய்தன. எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சர்க்கரையான 'ஃப்ரூட் லூப்ஸ்' பெட்டியிலும் அந்தக் குறி ஏறியது. பொதுமக்களும் பத்திரிகைகளும் கொந்தளிக்க, சில மாதங்களில் திட்டம் நிறுத்தப்பட்டது. அரசின் சொந்த வரையறையிலும் ஓட்டை இருந்தது. 1994 முதல் அமெரிக்காவில் 'ஆரோக்கியமானது' என்று அச்சிடக் கொழுப்பு, சோடியம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு, சர்க்கரைக்கு வரம்பில்லை. அதனால் இனிப்பூட்டிய ஃப்ளேக்ஸ் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம், கொழுப்பு இருக்கிறது என்பதால் பாதாம் போட முடியாது. முப்பது ஆண்டு கழித்து 2024 டிசம்பரில்தான் அது திருத்தப்பட்டது. இப்போது தானிய உணவுக்கு ஒரு பரிமாறலில் சேர்த்த சர்க்கரை 5 கிராமுக்கு மேல் போகக் கூடாது, முழுத்தானியமும் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும்.

சிலியில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பெட்டிகளில் கறுப்பு எண்கோண முத்திரை. கூடவே கார்ட்டூன் உருவங்களும் நீங்கின. குழந்தைகளுக்குப் பழகிய கார்ட்டூன் புலி அந்நாட்டுப் பெட்டிகளில் இல்லை. வாக்குறுதிகளை அலசச் சொல்லித் தாய்மாரின் தோளில் பாரத்தை ஏற்றாமல், எச்சரிக்கையைப் பெட்டியின் முகத்திலேயே ஒட்டியதால் சிலியின் வழி இந்தக் கதையில் வரும் எல்லா வழிகளையும்விட நேர்மையானது.

இந்தியாவில் கெல்லாக்ஸ் 1994இல் கடை விரித்தது. காலையில் சூடாகச் சாப்பிட்டும் குடித்தும் பழகிய வீடுகளில் கொதிக்கும் பாலை ஊற்ற, ஃப்ளேக்ஸ் நமத்துப்போனது. வியாபாரம் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று சென்னையிலும் மதுரையிலும் பெரிய கடைகளில் ஒரு முழு அடுக்கு இதற்கென்றே இருக்கிறது: கார்ன்ஃப்ளேக்ஸ், சாக்லேட் உருண்டை, மூஸ்லி, கிரனோலா, மசாலா ஓட்ஸ், ராகி ஃப்ளேக்ஸ், சிறுதானியக் கலவை. உலகச் சிறுதானிய ஆண்டாக 2023 அறிவிக்கப்பட்டதை ஒட்டி கம்பும் கேழ்வரகும் பெட்டி முகப்புக்கு வந்துவிட்டன.

இங்கே வாங்குபவருக்குக் கைகொடுக்கும் ஒரு விதி இருக்கிறது, அது போதிய அளவு பேசப்படுவதில்லை. ஒரு பொருளின் பெயரையோ படத்தையோ முகப்பில் தூக்கிக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்பதைப் பொருள் பட்டியலில் சொல்ல வேண்டும். பாக்கெட்டைத் திருப்பினால் போதும். முகப்பில் கேழ்வரகுக் கதிர் நிமிர்ந்து நிற்கும் பாக்கெட்டில் கேழ்வரகு எவ்வளவு, கோதுமை மாவும் சோள மாவும் எவ்வளவு என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். பட்டியலில் எடை கூடியது முதலில், குறைந்தது கடைசியில். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், தேன், வெல்லம், மால்ட் சாறு என்று நாலைந்து பெயரில் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும்; கூட்டினால் இரண்டாம் இடத்துக்கு வந்து நிற்கும். தேனும் வெல்லமும் பேரீச்சைச் சாறும் உடலுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் நடந்துகொள்கின்றன. "மல்டிகிரெய்ன்" என்றால் பல தானியம் என்று மட்டுமே பொருள். அவை தவிடு நீங்கியவையா, முழுசா என்பதை அந்தச் சொல் சொல்லாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளில் சில அளவுகள் திட்டவட்டமாக இருக்கின்றன. "சர்க்கரை குறைவு" என்று சொல்ல 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. "நார்ச்சத்து அதிகம்" என்றால் குறைந்தது 6 கிராம் வேண்டும். ஆகவே பார்க்க வேண்டிய பத்தி "ஒரு பரிமாறலுக்கு" என்பதல்ல, "100 கிராமுக்கு" என்பது. 30 கிராம் என்று பாக்கெட் சொல்லும் பரிமாறல் வயது வந்த ஒருவருக்குக் காலைப் பசியில் பாதிகூட அடங்காத அளவு. கிரனோலாவோ கனமானது, ஒரு கையளவு அள்ளினாலே எடை ஏறிவிடும். மக்கள் உண்மையில் எடுத்துக்கொள்வது எவ்வளவு என்பதை ஏற்று, அமெரிக்க நிர்வாகம் 2016இல் ஃப்ளேக்ஸ் வகைகளின் பரிமாறலை 30 கிராமிலிருந்து 40க்கும், கனமான வகைகளை 55இலிருந்து 60க்கும் உயர்த்தியது.

ஒரே ஓர் எண்ணில் தானியத்தின் தரத்தை அளக்க முடியுமா என்று ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் முயன்றார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், முழுத்தானிய முத்திரை பெற்ற பண்டங்களில் நார்ச்சத்து கூடுதலாக இருந்தாலும் சர்க்கரையும் கலோரியும் சேர்ந்தே கூடியிருந்தன. மாவுச்சத்து 10 கிராமுக்கு நார்ச்சத்து குறைந்தது 1 கிராம் என்ற விகிதமே எல்லாவற்றிலும் நல்ல வழிகாட்டியாகத் தெரிந்தது. செய்து பார்ப்பது எளிது. சாதாரணக் கார்ன்ஃப்ளேக்ஸில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 84, நார்ச்சத்து 3; வகுத்தால் 28. ஓட்ஸில் மாவுச்சத்து 67, நார்ச்சத்து 10; வகுத்தால் ஏழுக்கும் கீழ். சர்க்கரை அதிகமில்லாத கார்ன்ஃப்ளேக்ஸும் ஏன் நல்ல தேர்வாகாது என்பதற்கு இந்த ஒரு வகுத்தலே விடை. மசாலா ஓட்ஸ் இந்தத் தேர்வில் தேறிவிடும். அங்கே பார்க்க வேண்டியது சோடியம் வரி.

தானியத்தை எவ்வளவு தூரம் உடைத்திருக்கிறார்கள் என்பதை எந்த வரியும் சொல்வதில்லை. 2008இல் வெளியான பன்னாட்டு அட்டவணையில், இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதற்கான குறியீடு தட்டையான ஓட்ஸ் கஞ்சிக்கு 55, உடனடி ஓட்ஸுக்கு 79, கார்ன்ஃப்ளேக்ஸுக்கு 81. குளுக்கோஸுக்கு 100. ஒரே ஓட்ஸ்தான், மெல்லியதாக அழுத்தி முன்கூட்டியே வேகவைத்ததும் 24 புள்ளி ஏறிவிட்டது. நம்மூர்ப் பழைய வழிகள் தாமாகவே வென்றுவிடும் என்று நினைப்பவர்களும் அதே அட்டவணையைப் பார்க்க வேண்டும். அரிசிக் கஞ்சிக்கு 78, சிறுதானியக் கஞ்சிக்கு 67. கூழில் தண்ணீர் நிறைய, சர்க்கரை இல்லை, நார்ச்சத்து உண்டு. அது நல்ல உணவுதான். நீரிழிவு உள்ளவர் மட்டும் சிறுதானியம் என்ற பெயரை நம்பி அளவில்லாமல் குடிக்கக் கூடாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெற்றோர் சொல்லும் பதில் ஒன்றுண்டு: இனிப்பில்லாததைப் பிள்ளை தொடாது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே சோதனையாக்கினார்கள். 2011இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. கோடை முகாமில் 5 முதல் 12 வயது வரையிலான 91 பிள்ளைகள். ஒரு பிரிவுக்குச் சர்க்கரை மிகுந்த வகைகள், மற்ற பிரிவுக்குச் சர்க்கரை குறைந்த வகைகள். இரு மேசையிலும் பால், ஆரஞ்சுச் சாறு, நறுக்கிய வாழைப்பழம், ஸ்ட்ராபெரி, சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். இரு பிரிவினரும் தங்கள் உணவு பிடித்திருந்ததாகவே சொன்னார்கள். இனிப்பு வகை கிடைத்தவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தானியத்தைச் சாப்பிட்டார்கள். இனிப்பில்லாத பிரிவில் பிள்ளைகள் மேலே சர்க்கரையைத் தூவிக்கொள்ளத்தான் செய்தார்கள். தூவிய பிறகும் அவர்கள் உண்ட மொத்தச் சர்க்கரை 12.5 கிராம், மற்ற பிரிவில் 24.4. கிண்ணத்தில் பழத்தைப் போட்டுக்கொண்டவர்கள் இனிப்புப் பிரிவில் 8 சதவீதம், இனிப்பில்லாத பிரிவில் 54 சதவீதம்.